எத்தனை மடங்குக்குப் போகும்?

டீக்கடை கைமாறும் பேரம் ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வாங்க வருபவர் லாபம் எவ்வளவு என்று கேட்க மாட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். "ஒரு நாளைக்குக் கல்லாவுல எவ்வளவுண்ணே விழுது?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், எதிர்த்த கடைப் படியில் இரண்டு நாள் உட்கார்ந்து எத்தனை லிட்டர் பால் இறங்குகிறது என்று எண்ணுவார். கடைசியில் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: "இதுல டீ எவ்வளவு, சிகரெட் எவ்வளவு?" சிகரெட் விற்றால் கல்லா நிறையும், மிஞ்சுவதோ சொற்பம். டீயில்தான் காசு. பேப்பர் லைன் வீட்டுக் கணக்கிலும் கேபிள் லைன் கனெக்‌ஷன் கணக்கிலும் கைமாறுவது இதே முறையில்தான்.

காலை ஒன்பது மணிக்கு வணிகத் தொலைக்காட்சியில் கோட்டு போட்ட நிபுணர், "தாஜ் ஹோட்டல் பங்கு விற்பனையைப்போல் இத்தனை மடங்கில் இருக்கிறது" என்று சொல்லும்போது அவரும் கல்லாவைத்தான் எண்ணுகிறார். நிறுவனத்தின் மொத்தப் பங்குகளுக்கும் சந்தை தரும் விலையை ஓராண்டு விற்பனையால் வகுத்தால் வருவது இந்த மடங்கு. 100 கோடி விற்கும் கம்பெனிக்கு 300 கோடி விலை என்றால் மூன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இது பங்குச் சந்தைக்கு வந்து சேர்ந்த பாதையில் மடாலயங்களும், தூக்கிலிடப்பட்ட பின் எழுந்த ஒரு பெண்ணும், டெக்சாஸில் வங்கி வாங்கப் போன ஒரு கோபக்காரரும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை தன் நாட்டு மடாலயங்களை வரிசையாக இழுத்து மூடினார். வழிப்போக்கருக்கும் யாத்திரிகருக்கும் படுக்க இடமும் உணவும் தந்த இடங்கள் அவை. அந்தக் காலத்து விடுதிச் சங்கிலி என்றே சொல்லலாம். அவற்றின் நிலங்கள் அரசர் கைக்கு வந்தன, போருக்குப் பணம் வேண்டியிருந்ததால் விற்பனைக்கும் வந்தன. இத்தனை நிலத்துக்கு எப்படி விலை வைப்பது? ஆண்டுக் குத்தகையைப்போல் இருபது மடங்கு என்று வைத்தார்கள். "இருபது ஆண்டு வாங்குதல்" என்பது அன்றைய வழக்கு. நிலத்தைப் போய்ப் பார்க்காமலே, குத்தகைப் பதிவேட்டைப் புரட்டி, ஒரே பெருக்கலில் விலை சொல்லிவிடலாம். மடங்குக் கணக்கின் மவுசு அன்றும் இன்றும் அந்தச் சோம்பேறித்தனத்தில்தான்.

சரி, ஏன் இருபது? ஏன் பத்தில்லை? அடுத்த நூற்றாண்டில் வில்லியம் பெட்டி என்பவரை இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. துணி நெசவாளர் மகன், கப்பல் பையன், மருத்துவர், நில அளவையாளர் என்று எல்லாமாகவும் இருந்தவர். 1650இல் ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்ற பெண்ணின் உடல் அறுத்துப் பார்ப்பதற்காக இவரிடம் வந்தது. சவப்பெட்டியைத் திறந்தால் மூச்சு இருக்கிறது. இவரும் நண்பர்களும் சேர்ந்து அவளைப் பிழைக்க வைத்தார்கள். அத்தகைய மனிதர் நில விலைக்கும் ஆயுளிலேயே விடை தேடியதில் வியப்பில்லை. 1662இல் வரிகளைப் பற்றி எழுதிய நூலில் அவர் சொன்ன விளக்கம் இது: ஐம்பது வயதுத் தாத்தா, இருபத்தெட்டு வயது அப்பா, ஏழு வயதுப் பேரன் மூவரும் ஒன்றாக உயிரோடிருக்கும் காலம் சுமார் இருபத்தொரு ஆண்டு. மனிதன் கவலைப்படுவது அதுவரைதான். அதற்கு மேற்பட்ட சந்ததிக்காக எவனும் கூடுதல் காசு தர மாட்டான். ஆகவே இருபத்தொரு மடங்கு.

காரணம் சரியோ தவறோ, அழகு. அதைவிட முக்கியமானது அதே நூலில் அவர் கேட்ட இன்னொரு கேள்வி. கடலைத் தாண்டினால் இருக்கும் அயர்லாந்தில் நிலம் ஏன் ஆறேழு மடங்குக்கே போகிறது? அடிக்கடி நடக்கும் கலகமும் அதைத் தொடரும் கொள்ளையும்தான் காரணம் என்றார். அவர் பேச்சில் மடங்கு ஒரு பயமானியாகிவிட்டது. வருமானம் ஒன்றாகவே இருக்கலாம். நாளை அது வருமா என்ற சந்தேகம் ஏற ஏற, மடங்கு இறங்கும்.

நிலத்திலிருந்து கம்பெனிப் பங்குக்கு இந்தப் பழக்கம் தாவியபோது, குத்தகையின் இடத்தில் லாபம் வந்து உட்கார்ந்தது. ஆனால் லாபம் நம்பிக்கையான ஆள் இல்லை. தேய்மானத்தைக் கொஞ்சம் இழுத்தால் போதும், காணாமல் போகும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில் கம்பெனிகள் தங்கள் மொத்த வசூலைத்தான் உடனுக்குடன் பத்திரிகைகளுக்குத் தந்தன. மிச்சம் எவ்வளவு என்பது மெதுவாகவே வெளியே வரும். 1934இல் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் பங்குகளை அலசும் தங்கள் பெரிய நூலை எழுதியபோது, கம்பெனிகளை ஒப்பிடும் அட்டவணையில், பங்குக்குத் தரும் ஒரு டாலருக்கு எத்தனை டாலர் விற்பனை கிடைக்கிறது என்ற வரியையும் சேர்த்தார்கள். இன்றைய மடங்கைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான். அந்த வரியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஹோட்டல்காரர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1919இல் கான்ராட் ஹில்டன் என்ற இளைஞர் டெக்சாஸ் மாநிலத்தின் சிஸ்கோ ஊருக்கு ஒரு வங்கி வாங்கப் போனார். 75,000 டாலர் என்று பேசி முடித்திருந்தது. கடைசி நேரத்தில் விற்பவர் 80,000 கேட்டுத் தந்தி அடித்தார். ஹில்டன் கோபத்தில் வெளியேறி, தூங்க இடம் தேடி எதிரிலிருந்த மொப்லி ஹோட்டலுக்குள் நுழைந்தார். எண்ணெய்க் கிணறுகளில் வேலை தேடி வந்த கூட்டம் வரவேற்பறையில் முட்டி மோதியது. ஒரே கட்டிலை எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் வீதம் ஒரு நாளில் மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். வங்கியை மறந்து 40,000 டாலருக்கு அந்த ஹோட்டலை வாங்கினார். நம் டீக்கடை வாங்குபவர் பால் எண்ணியதுபோல அவர் வரிசையை எண்ணியிருக்கிறார். அவர் தொடங்கிய நிறுவனம் 1947இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஹோட்டல் என்பது பங்காக, மடங்காகப் பேசப்படும் பொருளாக மாறத் தொடங்கியது.

இடையில் 1926இல் நியூயார்க் ஹோட்டல்காரர் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. அறை வாடகை தனி, சாப்பாடு தனி, மது தனி என்று எல்லா ஹோட்டல்களும் ஒரே மாதிரி கணக்கு எழுத ஒரு பொதுமுறையை அச்சிட்டது. ஒரு ஹோட்டலின் விற்பனையை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க அதன் பிறகுதான் வழி பிறந்தது.

இந்த ஒப்பீட்டை வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்டவர்கள் குஜராத்திகள். அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களில் பாதிக்கும் மேல் இன்று இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கின்றன. அதில் பெரும்பாலோர் படேல்கள். ஒரு படேல் இன்னொரு படேலிடம் மோட்டல் வாங்கும்போது லாபக் கணக்கு எதற்கு உதவும்? கணவர் முன்மேசையில், மனைவி அறை சுத்தம் செய்வதில், பிள்ளைகள் படுக்கை விரிப்பில். யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த லாபம் வாங்குபவருக்குப் பொருந்தாது. ஆனால் அறை வாடகை பொய் சொல்லாது, அதற்குக் கட்டிய தங்கும் வரியின் ரசீது இருக்கும். எனவே ஆண்டு அறை வருமானத்தைப்போல் இத்தனை மடங்கு என்று பேசி முடிப்பார்கள். புத்தகக்காரர்கள் இந்தக் கணக்குக்குப் பெயர் சூட்டும் முன்பே அதைச் சாலையோரத்தில் புழங்கவிட்டவர்களில் இவர்களும் உண்டு.

பெயர் சூட்டிய புத்தகக்காரர் கென் ஃபிஷர். பங்கு முதலீட்டில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஃபிலிப் ஃபிஷரின் மகன். கலிஃபோர்னியாவில் இளம் தொழில்நுட்பக் கம்பெனிகள் மின்னி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகமாக வளரும் எந்தக் கம்பெனிக்கும் ஒருநாள் சறுக்கல் வரும், லாபம் ஆவியாகும், சந்தை பயந்து பங்கை வீசியெறியும். ஆனால் விற்பனை அத்தனை சீக்கிரம் ஓடிவிடாது என்பது அவர் கண்டது. லாபம் மாயமான நேரத்தில் லாபத்தால் வகுத்தால் கணக்கே வராது. விற்பனையால் வகுக்கலாம். 1984இல் எழுதிய நூலில் அவர் வைத்த அளவுகோல் கறாரானது: முக்கால் மடங்குக்குக் கீழே இருந்தால் தேடிப் பிடி, ஒன்றரைக்கு மேல் போனால் விலகு, மூன்றைத் தாண்டினால் தொடாதே. 1996இல் ஜேம்ஸ் ஓஷானஸி பல ஆண்டு அமெரிக்கப் பங்கு விவரங்களைக் கணினியில் போட்டுப் பார்த்து, மலிவைக் காட்டும் அளவுகளில் இதுவே ராஜா என்று அறிவித்தார். பிற்பாடு வந்த பதிப்பில் அவரே அந்த முடியைக் கழற்றி வேறு அளவுக்கு வைத்துவிட்டார் என்பது வேறு கதை.

மலிவைக் கண்டுபிடிக்க வந்த கருவி விலையேற்றத்தை நியாயப்படுத்தும் கருவியாக மாற நான்கு ஆண்டு போதுமானதாக இருந்தது. 1999-2000 இணையக் காய்ச்சலில் கம்பெனிகளுக்கு லாபமே கிடையாது, விற்பனை மட்டும் இருந்தது. சில சமயம் அதுவும் இல்லை. முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு என்று சகஜமாகப் பேசினார்கள். விற்பனையை ஊதுவதும் எளிது. விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் விற்ற பிரைஸ்லைன், தனக்கு மிஞ்சும் தரகை மட்டும் காட்டாமல் டிக்கெட்டின் முழு விலையையும் தன் விற்பனையாகக் காட்டியது. தேங்காய் மண்டித் தரகர், தன் கையால் கடந்த தேங்காய் அத்தனையும் என் வியாபாரம் என்று சொல்வதைப்போல. காய்ச்சல் இறங்கிய பிறகு, 2002இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தலைவர் ஸ்காட் மெக்னீலி ஒரு பேட்டியில் முதலீட்டாளர்களைப் பார்த்துக் கேட்டது இன்றும் பேசப்படுகிறது. பத்து மடங்கு விற்பனைக்கு எங்கள் பங்கை வாங்கினீர்களே, பத்து ஆண்டில் போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் நாங்கள் சரக்குக்குச் செலவழிக்கக் கூடாது, 39,000 ஊழியர்களுக்குச் சம்பளம் தரக் கூடாது, வரி கட்டக் கூடாது, வசூல் முழுவதையும் உங்களுக்கே தர வேண்டும். என்ன நினைத்துக்கொண்டு வாங்கினீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். விற்ற பின் பாடம் நடத்தும் ஆசிரியர் என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கணக்கு என்னவோ சரிதான்.

ஹோட்டல் துறையில் தகராறு இன்னும் ஆழம். அங்கே 'விற்பனை' என்ற சொல்லே இரண்டாகப் பிளந்துவிட்டது. 1993இல் மாரியட் நிறுவனம் தன்னை இரண்டாக வெட்டிக்கொண்டது. கட்டடங்களும் கடனும் ஒரு கம்பெனிக்கு. பெயரும் நிர்வாகமும் இன்னொன்றுக்கு. கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் உலகம் முழுக்க ஹோட்டல்காரர்கள் அதையே நகலெடுத்தார்கள். பிற்பாடு ஹில்டனும் நியூயார்க் வால்டோர்ஃப் அஸ்டோரியாவை 195 கோடி டாலருக்கு ஒரு சீன நிறுவனத்திடம் விற்றுவிட்டு, அதே ஹோட்டலை நூறு ஆண்டு நிர்வகிக்கும் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டது.

இதன் விளைவைப் பாருங்கள். 2019இல் மாரியட்டின் மொத்த வருவாய் சுமார் 2,097 கோடி டாலர். அதில் சுமார் 1,560 கோடி, ஹோட்டல் உரிமையாளர்களுக்காக மாரியட் செலவழித்து அப்படியே திரும்ப வாங்கிக்கொண்ட பணம். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுத்தது. அந்த ஆண்டு முடிவில் பங்குகளின் மொத்த விலை சுமார் 4,900 கோடி டாலர். முழு வருவாயால் வகுத்தால் இரண்டு மடங்கு சொச்சம். திரும்பி வந்த செலவைக் கழித்துவிட்டு வகுத்தால் ஒன்பது. ஒரே கம்பெனி, ஒரே நாள். எந்தத் தாளைப் புரட்டினீர்கள் என்பதைப் பொறுத்து அது மலிவு அல்லது யானை விலை.

சுவர்களை விற்க மறுத்த ஒரு கம்பெனியும் இருந்தது. அதன் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பாத்திரம் உண்டு.

ஜேம்ஸ் ஷெர்வுட் சரக்குப் பெட்டிகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர். 1976இல் வெனிஸ் நகரின் சிப்ரியானி ஹோட்டலை வாங்கினார். அடுத்த ஆண்டு மான்டே கார்லோவில் நடந்த ஏலத்தில் பழைய ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலின் இரண்டு பெட்டிகளை எடுத்தார். எதற்கு என்று அவர் பங்குதாரர்கள் யோசித்திருப்பார்கள். மேலும் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து, 1982இல் லண்டனிலிருந்து வெனிஸுக்கு ரயிலை ஓட்டிவிட்டார். ரியோவின் கோபகபானா பேலஸ், போர்ட்டோஃபினோவின் ஸ்ப்ளெண்டிடோ என்று சேர்த்து, ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ஹோட்டல்ஸ் என்ற பெயரில் 2000இல் நியூயார்க் சந்தைக்கு வந்தார். பங்கு விலை 19 டாலர்.

2007இல் தாஜ் ஹோட்டல்களை நடத்தும் இண்டியன் ஹோட்டல்ஸ் அதில் சுமார் பத்து சதவீதத்தை 21 கோடி டாலருக்கு வாங்கிக் கூட்டுக்கு அழைத்தது. பதில் கடிதம் காரமாக வந்தது: பெரும்பாலும் உள்நாட்டிலேயே இயங்கும் ஓர் இந்திய ஹோட்டல் குழுமத்தோடு சேர்ந்தால் எங்கள் பெயரின் மதிப்பு குறையும். மும்பையில் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு உலக நிதி நெருக்கடி வந்தது. மதிப்பைப் பற்றிப் பாடம் எடுத்த கம்பெனியின் பங்கு ஒற்றை இலக்க டாலருக்கு இறங்கியது.

2012 அக்டோபரில் தாஜ் மீண்டும் வந்தது, இம்முறை முழுக் கம்பெனிக்கும். பங்குக்கு 12.63 டாலர், முந்தைய நாள் விலையைவிட 40 சதவீதம் கூடுதல். கடனையும் சேர்த்து 186 கோடி டாலர். கடனைச் சேர்ப்பது ஏனென்றால், அடமானத்தில் இருக்கும் வீட்டை வாங்குபவர் வங்கிக்குக் கட்ட வேண்டியதையும் சேர்த்துத்தானே விலை சொல்வார்? கட்டடம் வைத்திருக்கும் ஹோட்டல்களுக்கு விவரமானவர்கள் அப்படித்தான் மடங்கு பார்ப்பார்கள். கம்பெனியின் ஆண்டு விற்பனை 50 கோடி டாலருக்குச் சற்று மேல். மடங்கு மூன்றரைக்குள். குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று இயக்குநர் குழு மறுத்தது. ஓராண்டுக்குப் பின் தாஜ் விலகிக்கொண்டது.

2014இல் கம்பெனி பெல்மாண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெயர் அப்போது பிரெஞ்சு ரயில்வேயுடையது, இவர்களுக்கு இரவல். 2018 டிசம்பரில் வந்தது எல்விஎம்ஹெச். லூயி விட்டோன் கைப்பை, ஷாம்பெயின், வாசனைத் திரவியம் விற்கும் அதே பாரிஸ் குழுமம். பங்குக்கு 25 டாலர், கடனோடு 320 கோடி. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் பெல்மாண்ட் விற்றது 57.2 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: 5.6 மடங்கு. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய வருமானமான எபிட்டா 14 கோடி. அதற்கு 23 மடங்கு ஆகிறது. அந்த டிசம்பர் முடிவில் எல்விஎம்ஹெச்சின் சொந்தப் பங்கே அதன் விற்பனையைப்போல் மூன்று மடங்குக்கும் கீழேதான் இருந்தது. ஆறு ஆண்டில் பெல்மாண்டின் விற்பனை பெரிதாக ஏறிவிடவில்லை. விலை சொன்னவர்தான் மாறினார். தாஜ் ஒரு ஹோட்டல்காரரின் கண்ணோடு அறைகளை எண்ணியது. பாரிஸ்காரர்கள் இனி யாராலும் கட்ட முடியாத கடலோரச் சுவர்களையும், கைப்பை வாடிக்கையாளர்கள் தங்க ஓர் இடத்தையும் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லியம் பெட்டியின் தாத்தா-அப்பா-பேரன் கணக்கில், பேரனையும் தாண்டி யோசித்த முதல் வாங்குபவர்கள்.

தோற்றுப் போன ஏலதாரர் என்ன ஆனார்? 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கில் மும்பை தாஜ் வெறிச்சோடிக் கிடந்தபோது, இண்டியன் ஹோட்டல்ஸ் பங்கு சுமார் 75 ரூபாய். முடிந்த நிதியாண்டின் விற்பனை 4,463 கோடி, மடங்கு இரண்டு. அடுத்த ஆண்டு விற்பனை 1,575 கோடிக்கு விழுந்தது, நஷ்டம் 720 கோடி. லாப மடங்கு செத்தது, எபிட்டாவும் எதிர்மறைக்குப் போனது, ஃபிஷரின் பழைய கருவி மட்டும் உயிரோடிருந்தது. அது காட்டியது எட்டு மடங்குக்கு மேல்! பங்கு ஏறியது ஏறக்குறைய பாதி அளவுதான். கீழே இருந்த எண் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியதால் மடங்கு ஊதிப் பெருத்தது. அதைப் பார்த்து விலை அதிகம் என்று ஒதுங்கியவர்கள் பிற்பாடு வருந்தியிருப்பார்கள். 2023-24இல் விற்பனை 6,769 கோடி, லாபம் 1,259 கோடி, பங்குகளின் மொத்த விலை சுமார் 84,000 கோடி. மடங்கு பன்னிரண்டு. நான்கு ஆண்டில் விற்பனை ஒன்றரைப் பங்காகியது, மடங்கு ஆறு பங்காகியது. கென் ஃபிஷர் மூன்றிலேயே கையை எடுத்திருப்பார். ஆனால் இப்போது தாஜும் மாரியட் வழியில், அடுத்தவர் கட்டிய ஹோட்டலை நிர்வகித்துக் கட்டணம் வாங்குவதை வளர்க்கிறது. கட்டண ரூபாயில் செலவு குறைவு, ஒட்டுவது அதிகம். அந்த ரூபாய்க்குச் சந்தை கூடுதல் மடங்கு தருவதில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு நியாயமா என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன்.

2024 ஆகஸ்ட் முதல் இன்னொன்றும் சேர்ந்தது. விமானங்களுக்குச் சாப்பாடு சமைக்கும் தாஜ்சாட்ஸ், அதுவரை கூட்டு நிறுவனமாக இருந்தது, துணை நிறுவனமாகி அதன் விற்பனை முழுவதும் கணக்கில் ஏறியது. அந்த நிதியாண்டில் மொத்த விற்பனை 8,000 கோடியைத் தாண்டியதில் அதற்கும் பங்குண்டு. அரபிக்கடலைப் பார்த்த சூட் அறையின் ஓர் இரவு வாடகையும், காலை விமானத்தில் ஜன்னலோர சீட்டுக்கு நீட்டிய உப்புமாத் தட்டும் இப்போது ஒரே கூட்டுத்தொகை. தொலைக்காட்சி நிபுணர் அந்தத் தொகையால் வகுத்து மடங்கு சொல்கிறார். எதிர்த்த கடைப் படியில் உட்கார்ந்திருப்பவராக இருந்தால், இதில் டீ எவ்வளவு, சிகரெட் எவ்வளவு என்று கேட்டிருப்பார்.